பீஸ் வாக்கர்: பிஎஸ்பிக்கென்றே வந்த மெட்டல் கியரின் பலமும் பலவீனமும்

கேள்வி இதுதான்: பதுங்கிச் சென்று ஆடும் மெட்டல் கியர் சாலிட் வீடியோ கேம் தொடரின் பெரிய பாகங்களை முடித்தவர், சோனியின் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்காக வந்த பீஸ் வாக்கரையும் விளையாட வேண்டுமா? கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் போனால் போதாதா?

கண்டிப்பாக விளையாடுங்கள். ஆனால் மற்ற பாகங்களைப் போல ஒரே மூச்சில் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து விளையாடாதீர்கள். இதில் உள்ள நல்லது, கெட்டது எல்லாமே இரண்டு முடிவுகளிலிருந்து வருகின்றன. முதலாவது, மிஷன் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் இன்னொருவர் பிஎஸ்பியோடு உட்கார்ந்திருப்பார் என்று வைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும். இவை பொருந்துகிற இடங்களில் பெரிய பாகங்களில் கிடைக்காத சுகம் இதில் கிடைக்கிறது. பொருந்தாத இடங்களில், குறிப்பாகத் தனி ஆளாக பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு மோதும்போது, பொறுமை கரைந்துவிடும். எங்கே எது என்று முன்பே தெரிந்தால் பாதிச் சங்கடம் குறையும்.

முதலில் இதன் இடம். கையடக்கக் கருவிகளில் மெட்டல் கியர் வருவது இது முதல் முறையல்ல. 2000-இல் கேம் பாய் கலரில் ஒன்று வந்தது. 2004-இல் பிஎஸ்பியில் 'ஆசிட்' என்ற பெயரில் சீட்டுகளை வைத்து ஆடும் ஒன்று வந்தது. 2006-இல் 'போர்ட்டபிள் ஆப்ஸ்'. அதில் எதிரி வீரனைப் பிடிக்க வேண்டுமென்றால் அவனை மயக்கி, லாரி நிற்கும் இடம்வரை தரதரவென்று இழுத்துப் போக வேண்டும். படை திரட்டும் யோசனை நல்லதுதான், ஆனால் செய்ய அலுப்பு. பீஸ் வாக்கர் 2010 ஏப்ரலில் ஜப்பானிலும் ஜூனில் மற்ற நாடுகளிலும் வெளியானது. ஹிதேயோ கொஜிமா போர்ட்டபிள் ஆப்ஸுக்குத் தயாரிப்பாளராக மட்டும் இருந்தார். இதை அவரே இயக்கினார். ஆகவே பெட்டியில் ஸ்பின்-ஆஃப் போலத் தெரிந்தாலும், கதையில் இது மூன்றாம் பாகத்தின் நேரடித் தொடர்ச்சி. 2014-இல் வந்த கிரவுண்ட் ஜீரோஸ், 2015-இல் வந்த ஃபேன்டம் பெயின் இரண்டும் இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஃபுல்டன் பலூன், மதர் பேஸ், கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒலிப்பதிவுகள் என ஃபேன்டம் பெயினில் நீங்கள் பார்த்தவற்றின் முதல் வடிவம் இங்கே இருக்கிறது.

கதை நடப்பது 1974-இல். கொலம்பியக் கடற்கரையில் தன் கூலிப்படையைப் பழக்கிக்கொண்டிருக்கும் நாயகன் ஸ்னேக்கிடம் ஒரு பேராசிரியரும் ஒரு மாணவியும் வருகிறார்கள். ராணுவமே இல்லாத கோஸ்டா ரிக்காவுக்குள் ஆயுதம் தாங்கிய மர்மப் படை நுழைந்திருக்கிறது, உதவுங்கள் என்கிறார்கள். கோஸ்டா ரிக்கா 1949 அரசியலமைப்பிலேயே நிரந்தர ராணுவத்தை விலக்கிய நாடு. நாடில்லாத ராணுவம், ராணுவமில்லாத நாட்டைக் காக்கப் போகிறது என்பதே இந்தக் கதையின் அழகு. அதன் மேல் அணு ஆயுதத் தடுப்புக் கோட்பாடு ஏறி உட்கார்கிறது. பதிலடி கொடுக்கும் பொத்தானை அழுத்த மனிதன் கடைசி நொடியில் தயங்கலாம், இயந்திரம் தயங்காது, ஆகவே இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் வாதிடுகிறார். அந்த வாதத்தை முழுக் கதையும் இழுத்து நிறுத்திக் கேள்வி கேட்கிறது. மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சி மனதில் இல்லாதவருக்கு இதன் உணர்ச்சியில் பாதி எட்டாது. அதை விளையாடாமல் இதைத் தொடங்காதீர்கள்.

இனி கன்ட்ரோல். பிஎஸ்பியில் அனலாக் ஸ்டிக் ஒன்றுதான். நடக்க அது போய்விட்டால் கேமராவைத் திருப்ப ஸ்டிக் இல்லை. இதற்கு மூன்று வகை அமைப்புகள் கொடுத்திருக்கிறார்கள்: ஷூட்டர், ஆக்‌ஷன், ஹன்டர். ஷூட்டரில் வலப்பக்கம் உள்ள நான்கு பொத்தான்களும் கேமராவாகிவிடும். ஹன்டரில் இடப்பக்க டி-பேட், அதாவது திசைப் பொத்தான்கள், கேமராவாகும். மான்ஸ்டர் ஹன்டர் என்ற வேட்டைக் கேமை விளையாடி விரலை வளைத்துப் பிடிக்கப் பழகியவர்களுக்காக வைத்தது அது. ஆக்‌ஷன், போர்ட்டபிள் ஆப்ஸ் பாணி. புதிதாக வருபவருக்கு ஷூட்டர்தான் சரி. குறிபார்க்கும்போது வலது கட்டைவிரல் வலப்பக்கமே இருக்கும், இடது கை நடையை விட வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் ஒரு குறை தீராது. பொத்தானுக்கு அழுத்தியது, விட்டது என்ற இரண்டு நிலைதான் உண்டு. ஸ்டிக்கைப் போல லேசாகச் சாய்த்து மயிரிழை நகர்த்த முடியாது. தூரத்துத் தலையைக் குறி வைத்தால் குறி இந்தப் பக்கம் தாண்டும், திருப்பினால் அந்தப் பக்கம் தாண்டும். இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. உயரத்தைப் பொத்தானால் ஏறக்குறைய தலை மட்டத்துக்குச் சரிசெய்துவிட்டு நிறுத்துங்கள். எதிரி நடந்து வந்து குறிக்குள் நுழையும்வரை காத்திருங்கள். காவலர்கள் குறிப்பிட்ட பாதையில்தான் நடப்பார்கள் என்பதால் இது பெரும்பாலும் பலிக்கும். அவசரப்பட்டுத் துரத்திக் குறி வைத்தால் மயக்க ஊசி வீணாகும், துப்பாக்கியின் சத்தம் அடக்கும் குழாயும் தேயும். அது குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தாங்காது.

ஸ்டெல்த், அதாவது பதுங்கிச் செல்வது, எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்றால், பாதி. குனிந்தபடி நடக்கலாம். பக்கத்தில் உள்ள எதிரிகளை ஒருவர் பின் ஒருவராக வீசியெறியும் சிக்யூசி (கைகலப்பு) தொடர் அருமையாக இருக்கிறது. உடை, அசைவு, நிற்கும் நிலை ஆகியவற்றைப் பொறுத்து உங்கள் மறைவு எத்தனை சதவீதம் என்று திரையில் ஓடுகிறது. ஆனால் தரையில் தவழ முடியாது. மயங்கிக் கிடப்பவரை இழுத்து மறைக்கவும் முடியாது. மூன்றாம் பாகத்தில் புல்லுக்குள் படுத்து ஊர்ந்த கைகளுக்கு முதல் இரண்டு மணி நேரம் இது உறுத்தும். இடங்களும் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் லோடிங். ஒரு துண்டில் சில காவலர்கள்தான், அவர்களின் கண்ணும் அவ்வளவு தூரம் எட்டாது. முப்பது அடி தள்ளிக் குனிந்து நின்றாலே பல இடங்களில் தப்பிவிடலாம். பெரிய வளாகத்தைச் சுற்றிப் பார்த்து, பாதை வகுத்து, உள்ளே நுழையும் அந்தப் பழைய நிதானம் இதில் இல்லை. அதைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான்.

உடலை இழுக்க முடியாத குறைக்கு இவர்கள் கண்டுபிடித்த தீர்வுதான் இந்தக் கேமின் மிகச் சிறந்த யோசனை: ஃபுல்டன். மயங்கியவன் மேல் பலூனைக் கட்டினால் அவன் வானத்தில் போய்விடுவான். மற்ற காவலர்கள் வந்து உதைத்து எழுப்ப உடலே கிடையாது. தடயமும் மறைகிறது, உங்கள் படைக்கும் ஆள் சேர்கிறது. போர்ட்டபிள் ஆப்ஸில் லாரிவரை இழுத்த வேலை இங்கே சில நொடிகளில் முடிகிறது. எதிரியைக் கொல்லாமல் விட வேண்டும் என்று தொடர் முழுக்க அறிவுரையாகச் சொல்லிவந்தார்கள். இங்கே அது உங்கள் சுயநலமாகவே மாறிவிடுகிறது, ஏனென்றால் கொன்ற ஒவ்வொருவரும் நீங்கள் இழந்த ஒரு பணியாளர். பலூன் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆகவே கண்ணில் பட்டவரையெல்லாம் அனுப்ப வேண்டாம். அனலைசர் கருவி கிடைத்ததும் அதன் வழியாகப் பாருங்கள். யாருக்கு எந்தத் துறையில் என்ன திறமை என்று தெரியும். கதை முன்னேற முன்னேற ஆட்களின் தரமும் உயரும். முதல் இரண்டு அத்தியாயங்களில் பிடித்தவர்களைப் பின்னால் நீக்கத்தான் போகிறீர்கள், அங்கே ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

பிடித்தவர்கள் போய்ச் சேருவது மதர் பேஸ், கரீபியன் கடலில் நிற்கும் தளம். எதிரி வீரர்கள் முதலில் சிறையில் இருப்பார்கள். நீங்கள் சில மிஷன்களை முடிப்பதற்குள் மனம் மாறி உங்கள் பக்கம் வருவார்கள். வந்தவர்களைப் போர்ப்பிரிவு, ஆராய்ச்சி, சமையல், மருத்துவம், உளவு என ஐந்து பிரிவுகளுக்குப் பிரித்துவிட வேண்டும். ஒரு பிரிவில் உள்ளவர்களின் திறமையைக் கூட்டினால் அந்தப் பிரிவின் மட்டம். புதிய துப்பாக்கி, உடை, கருவி எதுவானாலும் குறிப்பிட்ட மட்டம் வந்தால்தான் செய்யத் தொடங்கலாம். சிலவற்றுக்கு மிஷன்களில் கிடைக்கும் வரைபடமும் வேண்டும்.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, சமையல் பிரிவைக் கவனிக்காமல் விடுவது. ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி சமையல் மட்டம் உயராவிட்டால் எல்லாருடைய மனவுறுதியும் விழும், அதோடு சேர்ந்து வேலையும் தொய்யும். ஆராய்ச்சிப் பிரிவுக்கு நான்கு பேரைச் சேர்த்தால் சமையலுக்கும் ஒருவரையாவது சேர்ப்பது என்ற கணக்கில் போனால் இந்தச் சிக்கல் வராது. இரண்டாவது, எல்லாவற்றையும் தானியங்கிப் பிரிப்பிடமே விட்டுவிடுவது. அது மோசமில்லை, ஆனால் அது எல்லாப் பிரிவுகளையும் சமமாகத்தான் பார்க்கும். உங்களுக்கு இப்போது எந்த ஆயுதம் தேவை என்று அதற்குத் தெரியாது. ஒரு குறிப்பிட்ட ராக்கெட் லாஞ்சருக்கு ஆராய்ச்சி மட்டம் இன்னும் இரண்டு வேண்டுமென்றால், உளவிலும் மருத்துவத்திலும் உள்ள நடுத்தர ஆட்களை ஆராய்ச்சிக்கு மாற்றிப் போட்டு, வேலை தொடங்கியதும் திரும்ப மாற்றுங்கள்.

தயாரிப்பு வேலை நிஜ நேரத்தில் நகராது, ஒவ்வொரு மிஷனையும் முடிக்கும்போதுதான் நகரும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கையடக்கக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. கால் மணி நேரம் கிடைத்தால் ஒரு மிஷன். முடித்ததும் சிறையிலிருந்து இரண்டு பேர் சேர்ந்திருப்பார்கள், ஒரு துப்பாக்கி தயாராகியிருக்கும், வெளி வேலைக்கு, அதாவது நீங்கள் இல்லாமல் தாங்களே போய் மோதும் சண்டைக்கு, அனுப்பிய படை திரும்பியிருக்கும். கருவியைத் தூங்க வைத்துவிட்டு எழுந்து போகலாம். மறுபடி எடுக்கும்போது செய்வதற்கு ஏதாவது காத்திருக்கும். வெளி வேலைக்கு உங்கள் சிறந்த ஆட்களை அனுப்பாதீர்கள். அங்கே அவர்கள் காயப்படலாம், இறந்தும் போகலாம். நடுத்தர ஆட்களோடு கைப்பற்றிய டாங்கி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் இழப்பு குறைவு.

டாங்கியைக் கைப்பற்றுவது எப்படி என்று பலருக்குத் தெரியாமல், வெடிக்க வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். கவச வண்டி, டாங்கி, ஹெலிகாப்டர் என எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான். வண்டியோடு காவல் படை வரும். வண்டியைச் சுடாமல் கனமான மறைவுக்குப் பின்னால் இருந்துகொண்டு காவலர்களை மயக்க ஊசியால் வீழ்த்துங்கள். முடிந்தவர்களை ஃபுல்டனில் அனுப்புங்கள். அடுத்தடுத்த அலையாக இன்னும் வருவார்கள். எல்லாரும் தீர்ந்ததும் வண்டியின் தலைவன் மேல்மூடியைத் திறந்து வெளியே வருவான். அவனை மயக்கினால் வண்டி உங்களுடையது. தவறு நடப்பது எங்கே என்றால், ஆரம்பத்திலேயே ராக்கெட்டால் வண்டியை அடித்து அதன் ஆயுளைக் கரைத்துவிடுவதில். தலைவன் வெளியே வரும் முன்பே வண்டி வெடித்துவிட்டால் மிஷன் வெற்றிதான், வண்டி மட்டும் கிடைக்காது. ஹெலிகாப்டரில் இது கடினம். அது நகர்ந்துகொண்டே இருப்பதால் தலைவனைக் குறி வைக்க நேரம் குறைவு, பொத்தான் கேமரா அங்கே நன்றாகவே சோதிக்கும். இந்தச் சண்டைகளில் கிடைக்கும் காவலர்கள் சாதாரண மிஷனில் கிடைப்பவர்களைவிடத் தேர்ந்தவர்கள். வண்டி கிடைக்காமல் போனாலும் நேரம் வீணில்லை.

அடுத்தது, இந்தக் கேமின் மிகப் பெரிய பலவீனம்: பாஸ்கள். மெட்டல் கியர் என்றால் விசித்திரமான மனிதர்களோடு மோதுவதுதான் நினைவுக்கு வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம், ஒரு வரலாறு, வெல்ல ஒரு குறும்பான வழி. பீஸ் வாக்கரின் பாஸ்களில் அப்படிப்பட்ட மனிதர்களே கிடையாது. வண்டிகள், இல்லையென்றால் ஆள் இல்லாமல் ஓடும் ஏஐ ஆயுதங்கள்: பியூப்பா, கிரிசாலிஸ், கக்கூன், கடைசியில் பீஸ் வாக்கர். கதையின் வாதத்துக்கு இது பொருத்தம். தயக்கமில்லாத இயந்திரங்கள் என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும் அல்லவா? அவற்றின் பேச்சும் பாட்டும் காதில் நிற்கும். ஆனால் சண்டையாகப் பார்த்தால், ராக்கெட்டை அடி, ஓடு, ஒளி, மறுபடி அடி என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. பதுங்கிப் போகும் கேமில் பதுங்குவதற்கு எந்த வேலையும் இல்லாத இருபது நிமிடங்கள் அவை.

தனி ஆளுக்கு இது ஏன் இவ்வளவு கனக்கிறது என்றால், இந்தச் சண்டைகள் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடும்படி போடப்பட்டவை. நான்கு பேர் இருந்தால் இயந்திரம் ஒருவரைத் துரத்தும், மற்ற மூவர் அடிப்பார்கள். விழுந்தவரை இன்னொருவர் நெஞ்சை அழுத்தி எழுப்புவார். ராக்கெட் தீர்ந்தால் ஒருவர் சப்ளை அழைக்க, மற்றவர்கள் கவனத்தைத் திருப்புவார்கள். தனியாக இருந்தால் இந்த மூன்று வேலைகளும் உங்கள் தலையில். கதைக்கு வெளியே உள்ள கூடுதல் மிஷன்களான எக்ஸ்ட்ரா ஆப்ஸில் வரும் டைப் டூ, கஸ்டம் வகைகளில் ஆயுளும் தாக்குதலும் கூடும்போது, சலிப்பு எரிச்சலாகிவிடுகிறது.

தனியாக விளையாடுபவர் செய்ய வேண்டியது முதலில் உடை. ஸ்னீக்கிங் சூட் பதுங்கும் மிஷனுக்கு நல்லது, ஆனால் ஆயுதம் குறைவாகத்தான் தாங்கும். பாஸுக்கு பேட்டில் டிரெஸ். மிஷன் தொடங்கிய பின் உடையையோ ஆயுதத்தையோ மாற்ற முடியாது, ஆகவே தயாரிப்புத் திரையிலேயே இரண்டு முறை சரிபாருங்கள். ஆயுதத்தில் ஆரம்பத்தில் ஆர்பிஜி-7 ராக்கெட் லாஞ்சர் போதும். ஆராய்ச்சி மட்டம் உயர்ந்ததும் கார்ல் குஸ்தாவ் செய்துவிடுங்கள், சண்டையின் நீளமே குறையும். ஆயுதங்கள் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேர்ச்சி ஏறுபவை. அதனால் பாஸுக்கு எடுத்துப் போகப்போகும் லாஞ்சரை அதற்கு முன் எளிய வண்டிச் சண்டைகளிலேயே பயன்படுத்தி மட்டத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். எறிந்தால் ராக்கெட் பெட்டியை வரவழைக்கும் சப்ளை மார்க்கர் இல்லாமல் எந்தப் பாஸுக்கும் போக வேண்டாம். கையில் கொண்டுபோகும் ராக்கெட்டுகள் மட்டும் போதவே போதாது. மார்க்கரை எறியும் நேரம் முக்கியம். கடைசி ராக்கெட்டை அடித்த பின் எறிந்தால் பெட்டி வரும்வரை வெறுங்கையோடு ஓட வேண்டிவரும். இரண்டு மூன்று மீதி இருக்கும்போதே, மறைவு உள்ள இடத்தில் எறிந்துவிடுங்கள். கிரிசாலிஸ் பறந்துகொண்டே இருக்கும், நேராகப் போகும் ராக்கெட் அதில் பாதி வீணாகும். அது ரயில்கன் என்ற மின் பீரங்கியை ஏற்றுவதற்காக நிற்கும் தருணங்களில் மட்டும் அடியுங்கள். எஃப்ஐஎம்-43 போன்ற தேடிப்போகும் ஏவுகணை செய்துவிட்டால் இந்தக் கவலையும் இல்லை.

இயந்திரம் விழுந்ததும் அதன் ஏஐ அறைக்குள் நுழைந்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் நினைவுப் பலகைகளைப் பிடுங்குவீர்கள். அவையும் உடைந்த பாகங்களும் சேர்ந்துதான் உங்கள் சொந்த மெட்டல் கியரான ஜீக் உருவாகிறது. எந்தப் பாகம் வேண்டுமோ அந்தப் பகுதியைக் குறிவைத்து உடைக்க வேண்டும் என்பதால் ஒரே இயந்திரத்தோடு மறுபடி மறுபடி மோத நேரும். மான்ஸ்டர் ஹன்டரின் பழக்கம் அப்படியே இங்கே வந்திருக்கிறது. சும்மா சாயலோடு நிற்கவில்லை, அந்தக் கேமின் ராட்சத விலங்குகளான ரத்தலோஸும் டைக்ரெக்ஸும் நேரிலேயே வந்து நிற்கும் மிஷன்களும் இருக்கின்றன. நண்பர்களோடு அவை பிரமாதம்.

கூட ஆள் இருந்தால் இந்தக் கேம் வேறு முகம் காட்டும். சாதாரண மிஷனில் இருவர் வரை சேரலாம். ஸ்னேக்-இன் முறையில் ஒருவர் வழிநடத்த, மற்றவர் ஒட்டிக்கொண்டே நகர்ந்து சுடலாம். இருவர் ஒரே அட்டைப் பெட்டிக்குள் புகுந்து நடக்கலாம். ஒருவர் காவலனின் கவனத்தை இழுக்க, மற்றவர் பின்னால் போய் மடக்குவது போன்ற சின்னத் திட்டங்கள் இந்தச் சிறிய இடங்களிலேயே நன்றாக வேலை செய்கின்றன. தனியாக இருக்கும்போது குறுகலாகத் தோன்றிய அதே துண்டு நிலம், இருவர் இருக்கும்போது சரியான அளவாகிவிடுகிறது. பிஎஸ்பியில் இது இணையமின்றிக் கருவியோடு கருவி நேராக இணையும் அட்ஹாக் முறை, இருவரும் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பதுதான் குறை.

கதையைச் சொல்லும் விதத்தில் எனக்குக் குறையே இல்லை என்று சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. காட்சிகள் பெரும்பாலும் ஆஷ்லி வுட் தீட்டிய ஓவியங்கள், அசையும் காமிக்ஸ் போல. பிஎஸ்பியின் வரம்புக்குள் நிஜ உருவங்களைக் கொண்டு நீண்ட காட்சிகள் எடுத்திருந்தால் இன்று பழசாகியிருக்கும். கோடும் மையும் இன்னும் பழசாகவில்லை. நடுவில் பொத்தானை அழுத்தச் சொல்லும் இடங்கள் உண்டு. ஒரே பொத்தானை விடாமல் தட்ட வேண்டிய சித்திரவதைக் காட்சி விரல் நோக வைக்கும், கருவியை மேசையில் வைத்துவிட்டு ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். நிபந்தனை என்னவென்றால், கதையின் சதை முழுக்க பிரீஃபிங் ஃபைல்கள் என்ற ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. நிகரகுவாவின் சாண்டினிஸ்டா கிளர்ச்சியாளர்கள், சே குவேரா, அணு ஆயுதப் போட்டி, மூன்றாம் பாகத்தில் ஸ்னேக்கின் ஆசானாக வந்த 'தி பாஸ்' என்ற பெண் பற்றி ஒவ்வொருவரும் வைத்திருக்கும் நினைவு எல்லாம் அங்கேதான். மெனுவுக்குள் போய்த் தேடிக் கேட்காவிட்டால் சில பாத்திரங்கள் வெறும் முகமாகவே நின்றுவிடும். ஒவ்வொரு மிஷனுக்குப் பிறகும் புதிதாகச் சேர்ந்திருப்பதை அப்போதைக்கப்போதே கேட்டுவிடுங்கள். நாற்பது சேர்ந்த பிறகு யாரும் கேட்கப் போவதில்லை.

நான்காம் அத்தியாயம் முடிந்ததும் பெயர்ப்பட்டியல் ஓடும். பலர் அங்கேயே கருவியை வைத்துவிடுகிறார்கள். உண்மையான முடிவு ஐந்தாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கிரவுண்ட் ஜீரோஸ் தொடங்குவதும் அதன் தொடர்ச்சியாகத்தான். அதை அடைய ஜீக்கைக் கட்டி முடிக்க வேண்டும். அதோடு, சிறையிலிருந்து தப்பிக்கும் சாடர்னோவ் என்ற கைதியை ஏழு முறை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிடித்த பிறகும் வேறு சில மிஷன்களைச் செய்தால்தான் அவன் மறுபடி தப்புவான். நல்ல திருப்பத்துக்கு முன்னால் இப்படி ஏழு முறை அலைக்கழிப்பது, நீளத்தைக் கூட்டச் செய்த வேலை என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. வலி குறைய ஒரே வழி, எக்ஸ்ட்ரா ஆப்ஸைக் கடைசிக்கு என்று சேர்த்து வைக்காமல் கதையோடு கதையாகச் செய்துவருவது. மொத்தம் 128 இருக்கின்றன. எல்லாம் தேவையில்லை. இலக்குச் சுடும் பயிற்சி, ஆளைக் காப்பது, ஆவியைப் படம் பிடிப்பது என்று சிறியவையும் உண்டு, பாஸ் சண்டைகளின் கடின வகைகளும் உண்டு. சிறியவற்றை இடையிடையே முடித்தால் தயாரிப்பு வேலையும் நகரும். பாஸ் வகைகளில் ஜீக் பாகத்துக்குத் தேவையானவற்றை மட்டும் தொடுங்கள்.

எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன குறைகளில் சில பதிப்பைப் பொறுத்தவை. 2011-இல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த எச்டி பதிப்பில் வலது ஸ்டிக்கில் கேமரா இருக்கிறது. குறிபார்க்கும் சிக்கல் அப்படியே தீர்ந்துவிடுகிறது. நொடிக்கு 60 பிரேம் ஓடும், கோ-ஆப், அதாவது சேர்ந்து ஆடுவது, இணையம் வழியாகவும் நடக்கும். ஆனால் இடங்கள் அதே சின்னத் துண்டுகள்தான், எதிரிகளின் கண்ணும் அதே அளவுதான். பெரிய திரையில் அந்த வெறுமை இன்னும் பளிச்சென்று தெரியும். பிஎஸ்பிக்கு அடுத்த கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் விட்டாவுக்கு வந்த எச்டி தொகுப்பில் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் மட்டுமே உண்டு, பீஸ் வாக்கர் இல்லை. விட்டாவில் பிஎஸ்பி பதிப்பை ஓட்டுபவர், கருவியின் அமைப்பில் வலது ஸ்டிக்கை வலப்பக்கப் பொத்தான்களுக்கு இணைத்துவிட்டு, கேமுக்குள் ஷூட்டர் வகையைத் தேர்ந்தெடுத்தால் கேமரா அந்த ஸ்டிக்குக்கு வந்துவிடும். நுண்மையாகச் சாய்க்க முடியாது, ஆனால் கை வலி இருக்காது. பிஎஸ்பியிலேயே வட்டை வைத்து ஆடுபவர் முதல் வேலையாக மெமரி ஸ்டிக்கில் டேட்டா இன்ஸ்டால் செய்துவிடுங்கள். இடத்துக்கு இடம் லோடிங் உள்ள கேமில் அந்தச் சில நொடிகள் ஒவ்வொரு மிஷனிலும் பலமுறை மிச்சமாகும்.